கருவாடும் பிரசாரணமும்

பிரசாரணத்தின் வரலாற்றைப் பாரிஸிலிருந்து தொடங்குவதே வழக்கம். 1748இல் நொலே என்னும் பாதிரியார், மதுசாரம் நிறைந்த குப்பியின் வாயைப் பன்றியின் சலப்பையால் கட்டி நீரில் அமிழ்த்தினார். நீர் உட்புகுந்து சலப்பை புடைத்தது. பிரசாரண அமுக்கத்தின் விதிகளை வகுத்த வான் ற் ஹொவ், 1901இல் இரசாயனத்துக்கான முதலாவது நோபல் பரிசைப் பெற்றார்.

மன்னார்த் தீவின் பேசாலையிலும் தலைமன்னாரிலும் மீனைக் கீறி உப்பிடும் கைகளுக்கும் இந்த நியதி தெரியும். செறிந்த உப்பு, கலமென்சவ்வின் ஊடாக மீனின் நீரை வெளியே இழுக்கின்றது. பின்னர் பரவலால் உப்பும் தசையுள் இறங்குகின்றது. அழுகச் செய்யும் பற்றீரியாவும் நீரிழந்து முடங்குகின்றது. எஞ்சிய ஈரத்தை வெயில் வாங்கிக்கொள்கின்றது.

இத்தொழிலின் உயிர்நாடி உப்பு. அதையே ஒல்லாந்தரும் பின்னர் ஆங்கிலேயரும் தம் ஏகபோகமாக்கினர். கடல் தந்த மீனைக் காப்பதற்குக் கடல் தந்த உப்பையே அரசு வைத்த விலைக்கு வாங்கவேண்டிய நிலை உழைப்பாளிக்கு உண்டாயிற்று.

ஆய்வுகூடத்தில் உருளைக்கிழங்குத் துண்டு உப்புநீரில் துவள்வதை மாணவர் காணட்டும். ஆசிரியர் அவ்வேளையில் கருவாட்டின் கதையையும் கூறட்டும். விதி வகுத்தவர்க்கு ஏட்டில் இடம் உண்டு. அதைக் கையால் அறிந்து ஊருக்கு உணவளித்தவர்க்கும் அங்கே இடம் வேண்டும்.