எழுத்தாணி முதல் கைப்பேசி வரை: தமிழ் எழுத்தின் உருவம் யார் கையில்?

சீனர்களுக்குத் தூரிகை எழுத்துக்கலை இருக்கிறது. ஜாவி எழுத்துக்குக் 'காட்' கலை இருக்கிறது. சீன எழுத்துக்கலையை 2009ஆம் ஆண்டும் அரபு எழுத்துக்கலையை 2021ஆம் ஆண்டும் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்துச் சிறப்பித்தது. இரண்டையும் அன்றாடம் பார்க்கும் கோலாலம்பூர்த் தமிழர் மனத்தில் ஒரு கேள்வி எழுவது இயல்பு. ஈராயிரம் ஆண்டு எழுத்து வரலாறு கொண்ட தமிழுக்கு அப்படியொரு கலை ஏன் வளரவில்லை?

விடை கருவியில் இருக்கிறது. தூரிகையும் நாணல் பேனாவும் பிடிக்கும் விதத்துக்கேற்பத் தடித்த கோடும் மெல்லிய கோடும் தரும். நம் முன்னோர் கையில் இருந்ததோ எழுத்தாணி. அது ஓலையைக் கீறும். கீறலில் தடிப்பும் மெலிவும் ஏது? கீறிய பிறகு கரியைத் தடவித் துடைத்தால்தான் எழுத்தே கண்ணுக்குத் தெரியும். நார் ஓடும் திசையில் நேர்க்கோடு இழுத்தால் ஓலை கிழியும். தமிழ் எழுத்து வளைந்து உருண்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்பர் அறிஞர். அழுத்திப் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப் போகும் என்பதால் பலர் புள்ளியையே விட்டுவிட்டனர். எகரமா ஏகாரமா என்பதை இடம் பார்த்துத்தான் படிக்க வேண்டும். அந்தக் குழப்பம் தீர 18ஆம் நூற்றாண்டில் வகை செய்தவர் இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர்.

அச்சு வந்தது, உருவம் மாறியது

தமிழ் எழுத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் வெளிவந்தது. பதினாறே பக்கங்கள். தரங்கம்பாடிக்கு ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து 1713ஆம் ஆண்டு ஈய எழுத்துகள் வந்தன. அவை அளவில் பெரியவை. அவற்றைக் கொண்டு நூல் அச்சிட்டால் தாள் கட்டுப்படியாகாது. ஆகவே அங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். தொலைவில் உள்ளவர் செய்து அனுப்பும் எழுத்து நம் தேவைக்கு அப்படியே பொருந்தாது என்பதை அன்றே அனுபவம் காட்டியது.

மலாயா மண்ணுக்கும் இந்த வரலாற்றில் பங்கு உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து மலாயா, சிங்கப்பூர்ப் பக்கம் வேலைக்கு வந்தவர் ஆர். முத்தையா. ஆங்கிலத் தட்டச்சுப் பொறியைப் பார்த்து, தமிழுக்கும் ஒன்று வேண்டும் என்று உழைத்தார். 247 எழுத்துகளை ஒரு பொறியில் அடக்குவது எப்படி? தட்டினாலும் தாள் நகராத விசையைப் பயன்படுத்தினார். கொம்பையும் சுழியையும் அடித்து, அதே இடத்தில் எழுத்தைப் பொருத்தும் வழி பிறந்தது. தமிழ்த் தட்டச்சின் தந்தை என்று அவர் போற்றப்படுவது இதனால்தான்.

பலகை எழுதிய கைகள்

பிரிக்பீல்ட்ஸ் கடை வரிசையிலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் ஒரு காலத்தில் கடைப் பெயர்களை எழுதியவை மனிதக் கைகள். தகரத்துக்கு அடிப்பூச்சு, சுண்ணக்கட்டி தடவிய நூலைத் தட்டி நேர்க்கோடு, அதன்மேல் எழுத்தின் புறக்கோடு, பிறகு தட்டைத் தூரிகையால் எனாமல் பெயிண்ட் என்று வேலை நடக்கும்.

ரோமன் பெரிய எழுத்துகள் இரண்டு கோடுகளுக்குள் அடங்கும். தமிழ் அடங்காது. 'கி' மேலே வளையும், 'பூ' கீழே இறங்கும். பெயர்ப்பலகையில் மலாய்மொழி பெரிதாக, முதன்மையாக இருக்க வேண்டும் என்பது இங்குள்ள விதி. எஞ்சிய ஒடுங்கிய பட்டையில் மேலும் கீழும் இடம் விட்டு, தூரத்திலிருந்தும் படிக்கும்படி தமிழை எழுதுவதில்தான் ஓவியரின் திறமை இருந்தது. ஓலைக்காலத்தில் வாய்க்காத தடிப்பும் மெலிவும் நிழலும் தமிழுக்குக் கிடைத்தது அந்தத் தூரிகையில்தான். நம் எழுத்துக்கலை அரண்மனையில் வளரவில்லை. மளிகைக் கடை வாசலில் வளர்ந்தது.

பழைய பலகையின் வயதை எழுத்தே சொல்லும். யானைத் தும்பிக்கை போல் வளையும் பழைய 'லை', 'னை' இருந்தால் அது சீர்திருத்தத்துக்கு முந்திய கையின் வழக்கம். பெரியார் 1935ஆம் ஆண்டு 'குடி அரசு' இதழில் கையாண்ட மாற்றங்கள் சிலவற்றைத் தமிழ்நாடு அரசு 1978ஆம் ஆண்டு ஏற்றது. பின்னர் மலேசியப் பாடநூல்களும் அவ்வழி வந்தன.

கணினியில் ஒரு மலேசியர்

கவிஞர் முரசு நெடுமாறனின் மகன் முத்து நெடுமாறன் 1985ஆம் ஆண்டு 'முரசு' மென்பொருள் பணியைத் தொடங்கினார். 2001ஆம் ஆண்டு தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் கூடியது. 2005ஆம் ஆண்டு அவருடைய 'செல்லினம்' வழியே கைப்பேசியில் தமிழ்க் குறுஞ்செய்தி அனுப்ப முடிந்தது. ஆப்பிள் கருவிகளில் உள்ள 'தமிழ் சங்கம் எம்.என்.' எழுத்துருவின் பெயரில் வரும் 'எம்.என்.', முத்து நெடுமாறனின் முதலெழுத்துகள். ஐபோனில் தமிழ் படிக்கும் உலகத் தமிழர் பலருக்கு இது தெரியாது.

ஆனால் கருவி வந்துவிட்டால் மட்டும் போதுமா? இன்று பல பதாகைகளைக் கணினியில் அமைப்பவருக்குத் தமிழ் படிக்கத் தெரிவதில்லை. 'கொ'வின் ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கிறது. புள்ளி, வெற்று வட்டத்தின் மேல் தொங்குகிறது. அச்சிட்டவர் கண்ணுக்கு அது பிழையாகவே படாது. பலகை எழுதிய ஓவியர் இப்படி எழுதியிருக்க மாட்டார். அவர் வரைவதற்கு முன் படித்தார்.

ஓலையோ ஈயமோ கணினியோ, தமிழ் அறிந்த கை கருவியைத் தொட்டபோதெல்லாம் எழுத்து செழித்தது. ஆகவே பதாகைக்குப் பணம் கொடுக்கும் கோயில் நிர்வாகமும் கடைக்காரரும் சங்கமும், அச்சுக்குப் போகுமுன் தமிழ் தெரிந்த ஒருவரிடம் மாதிரியைக் காட்டிச் சரிபார்க்கட்டும். அதற்கு ஐந்து நிமிடம் போதும். தமிழ்ப்பள்ளிகள் கையெழுத்துப் போட்டியைக் கைவிடாமல் நடத்தட்டும். எஞ்சியிருக்கும் பழைய கைப்பலகைகள் குப்பைக்குப் போகுமுன் கையிலுள்ள கைப்பேசியால் படமாவது எடுத்து வைப்போம். அவற்றை எழுதியவர்களில் பெரும்பாலோர் தங்கள் பெயரை அதில் எழுதவில்லை.