திருச்சிக் கடலில் நீந்திய 'மீன்பல்லி'... இக்தியோசரைத் தப்பில்லாமல் வரைவது எப்படி?

மலைக்கோட்டை உச்சியில் நின்று வடக்கே பாருங்கள். காவிரி, ஸ்ரீரங்கம் ராஜகோபுரம், அதைத் தாண்டி கொள்ளிடம். இன்னும் அந்தப் பக்கம் போனால் சமயபுரம், பாடாலூர், அங்கிருந்து கிழக்கே ஊட்டத்தூர், காரை. பைக்கில் சுமார் ஒரு மணி நேரம். சுமார் 10 கோடி வருடங்களுக்கு முன்னால் அந்தக் காரைப் பகுதி கடலுக்குள் இருந்தது. அந்தக் கடலில் நீந்திய ஒரு ஊர்வனத்தைத்தான் இன்றைக்கு நீங்கள் வரையப்போகிறீர்கள்.

அதன் பெயர் இக்தியோசர். கிரேக்க மொழியில் 'மீன்பல்லி' என்று அர்த்தம். ஆனால் மீன் கிடையாது, மேலே வந்து காற்றைச் சுவாசித்த ஊர்வன. டைனோசரும் கிடையாது. டைனோசர்கள் அழிவதற்குச் சுமார் இரண்டரைக் கோடி வருடங்களுக்கு முன்பே இந்த இனம் அழிந்துவிட்டது.

நம்ம ஊரில் என்ன கிடைத்தது?

1850-களின் கடைசியில் ஹெச்.எஃப்.பிளான்ஃபோர்டு திருச்சிப் பகுதிப் பாறைகளை ஆராய்ந்து, 1862-ல் அறிக்கை வெளியிட்டார். ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்ற நம்ம ஊர்ப் பெயர்களிலேயே பாறைத் தொகுதிகளைப் பிரித்தார். உலகம் முழுக்க இருக்கும் புவியியலாளர்களுக்கு 'ஊட்டத்தூர்' பழகிய பெயர் ஆனது இப்படித்தான்.

அந்த ஊட்டத்தூர்ப் பாறைகளில் கிடைத்த முதுகெலும்புத் துண்டுகளுக்கு 1879-ல் ரிச்சர்ட் லைடெக்கர் 'இக்தியோசரஸ் இண்டிகஸ்' என்று பெயர் வைத்தார். 2011-ல் வெளியான ஓர் ஆய்வு, காரைப் பாறைகளில் கிடைத்த இக்தியோசர் எச்சங்களையும் சுறாப் பற்களையும் விவரித்தது. அதில் ஒரு சுறாவுக்குத் தென்னிந்தியாவைக் குறிக்கும் 'சுடிண்டிகஸ்' என்ற பெயரே சூட்டப்பட்டது.

இங்கேதான் சிக்கல். நம்மிடம் இருப்பது துண்டுகள்தான். லைடெக்கரின் எலும்புகளை வைத்து அது தனி இனம்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்பது இன்றைய ஆய்வாளர்களின் கருத்து. அப்புறம் எப்படி முழு உருவம் வரைவது? உறவினர்களைக் கேட்டுத்தான். இதே காலத்தில் வாழ்ந்த பிளாட்டிப்டெரிஜியஸ் என்ற இக்தியோசரின் நல்ல எலும்புக்கூடுகள் ஆஸ்திரேலியாவில் கிடைத்திருக்கின்றன. நீளம் சுமார் 7 மீட்டர்.

பென்சிலை எடுங்க!

முதுகெலும்பு: இரண்டு சின்னக் கிண்ணங்களை முதுகோடு முதுகு ஒட்டின மாதிரி ஒவ்வொரு எலும்பும் இருக்கும். குட்டையான இந்த வட்டத் தட்டுகளை வரிசையாக அடுக்கினால், உடல் சூரை மீன் மாதிரி நடுவில் பருத்து, வாலை நோக்கி ஒல்லியாகும்.

வால்: பலரும் தப்பு செய்யும் இடம். முதலை வால் மாதிரி நேராக வரையாதீர்கள். முதுகெலும்பு வால் பகுதியில் கீழ்நோக்கி மடங்கும். மேல் மடல் வெறும் சதை, அதில் எலும்பு இல்லை. திமிங்கில வால் மாதிரி படுக்கையாக இல்லாமல், சுறா வால் மாதிரி செங்குத்தாக நிற்கும்.

துடுப்பு: வெளியே விரல் தெரியக் கூடாது. உள்ளே எலும்புகள் சோளக்கதிரில் முத்து அடுக்கின மாதிரி நெருக்கமாக இருக்கும். வெளியே அகலமான ஒரே துடுப்புதான்.

கண்: கண்ணைச் சுற்றி எலும்புத் தகடுகளால் ஆன வளையம் உண்டு. ஆனால் அது உள்ளே இருப்பது. வெளியே வரைய வேண்டாம்.

நிறம்: 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், ஜெர்மனியில் கிடைத்த இக்தியோசரின் தோலில் நிறமிச் செல்களின் தடயம் தெரிந்தது. முதுகு கருமை, வயிறு வெளிர். தோலுக்கு அடியில் திமிங்கிலத்துக்கு இருப்பதுபோலக் கொழுப்பு அடுக்கும் இருந்தது. அது வேறு இனம், நம்முடையதைவிடப் பல கோடி வருடம் மூத்தது. ஆனாலும் நல்ல வழிகாட்டி. நியான் பச்சை வேண்டாமே!

பின்னணி: சுருள் ஓட்டு அம்மோனைட், கணவாயின் உறவான பெலெம்னைட், சுறா... இவை எல்லாம் காரைப் பகுதியில் நிஜமாகவே கிடைத்தவை. தாராளமாக வரையலாம்.

பெரிய ஆட்களும் தப்பு செய்தார்கள்

1830-ல் ஹென்றி டி லா பீச் வரைந்த 'டூரியா ஆன்டிகுவியர்' புகழ்பெற்ற ஓவியம். அதில் இக்தியோசரின் வால் நேராக இருக்கும். எலும்புக்கூடுகளில் வால் ஒரே இடத்தில் மடங்கியிருப்பதைக் கவனித்து, அங்கே ஒரு துடுப்பு இருந்திருக்கும் என்று 1838-ல் ஊகித்தவர் ரிச்சர்ட் ஓவன். லண்டன் கிரிஸ்டல் பேலஸ் பூங்காவில் 1854-ல் வைத்த சிலைகளில் முதுகுத் துடுப்பே கிடையாது. 1890-களில் ஜெர்மனியில் உடலின் வெளிக்கோடு பதிந்த புதைபடிவங்கள் வந்த பிறகுதான் உண்மையான உருவம் தெரிந்தது. அவர்கள் முட்டாள்கள் இல்லை. கையில் இருந்த ஆதாரத்தை வைத்து வரைந்தார்கள், ஆதாரம் மாறியதும் படம் மாறியது.

நமக்கு இது ஏன் முக்கியம்? 2020-ல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் 'டைனோசர் முட்டை' கிடைத்தது என்று வாட்ஸ்அப் முழுக்கப் பரவியது ஞாபகம் இருக்கிறதா? அவை முட்டைகள் இல்லை, கடல் படிவு உருண்டைகள் என்று நிபுணர்கள் விளக்கினார்கள். வதந்தி போன வேகத்தில் விளக்கம் போகவில்லை. ஏஐ நொடியில் தரும் படமும் இப்படித்தான். பார்க்க அழகாக இருக்கும், வால் தப்பாக இருக்கும், அதுவே ஃபார்வேர்டு ஆகும்.

அதனால் படத்தின் அடியில் மூன்று வரி எழுதுங்கள். எது நம்ம ஊர் எலும்பு சொன்னது, எது உறவினர் சொன்னது, எது என் கற்பனை. அவ்வளவுதான் அறிவியல் நேர்மை!

கடைசியாக ஒன்று. காரைக்குப் போனால் போட்டோ எடுங்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கல்லைப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். எந்த அடுக்கில் கிடந்தது என்ற தகவல் போய்விட்டால், அந்த எலும்பு வீட்டு ஷோகேஸில் வெறும் கல்தான். நம்ம மீன்பல்லியின் மண்டையோடு ஏதாவது ஒரு மழைக்கு அங்கே வெளியே வரலாம். அன்றைக்கு உங்கள் படத்தை நீங்களே ரப்பர் வைத்து அழித்துத் திருத்த வேண்டி வரும். அதைவிட சந்தோஷமான திருத்தம் வேறு இருக்கா என்ன?