கூரையில் விளையும் மின்சாரம்



வெயிலின் அருமையும் கொடுமையும் தோட்டத்து மக்களாகிய நமக்குப் புதியன அல்ல. வெயில் ஏறினால் மரத்தில் பால் குறையும் என்பதால்தான் விடியுமுன்னே பால்மரக் காட்டுக்குப் போகிறோம். அதே வெயிலை நம்பித்தான் துணியையும் மிளகாயையும் வடகத்தையும் காயவைக்கிறோம். ஆனால் நம் தலைக்கு மேலுள்ள கூரையில் நாள்தோறும் விழும் வெயிலுக்கு ஒரு விலை உண்டு என்று முன்னோர் எண்ணியதில்லை. வெயிலையும் மழையையும் தடுத்தால் போதும், அதுவே கூரை என்றிருந்தனர். அந்தக் கூரையே மின்சாரம் விளையும் இடமாக மாறிய வரலாற்றையும், அந்த விளைச்சல் யாரைச் சேர்கிறது என்பதையும் இன்று காண்போம்.

முதலில் நடைபாதைக் கூரையின் கதையைப் பார்ப்போம். 1822-ஆம் ஆண்டில் ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ் சிங்கப்பூர் நகரத்தை ஒழுங்குபடுத்த முற்பட்டார். செங்கல்லும் ஓடும் கொண்டு எழும் ஒவ்வொரு வீட்டின் முன்னும், தெருவோரமாகக் கூரையுள்ள நடை ஒன்று விடவேண்டும். அது எந்நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று விதித்தார். வீட்டுக்கு வீடு தொடர்ந்து சென்ற அந்த நடையைத்தான் மலாய் மொழியில் 'காக்கி லீமா' என்றும், நம்மவர் பேச்சில் 'அஞ்சடி' என்றும் அழைத்தார்கள்.

கோலாலம்பூரில் 1881-ஆம் ஆண்டில் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து வந்து, அத்தாப்புக் கூரை வீடுகளை அழித்தன. அதன்பின் 1884 முதல் செங்கல்லாலும் ஓட்டாலும் நகரத்தை மீண்டும் கட்டினார்கள். அதற்கான செங்கல் சூளைகள் இருந்த இடமே பிரிக்பீல்ட்ஸ் எனப் பெயர் பெற்றது. கோலாலம்பூர்க் கடைவீதிகளிலும் அஞ்சடி வந்தது.

அஞ்சடியில் ஓர் அரிய கருத்து அடங்கியிருக்கிறது. நிலம் கடைக்காரருடையது, கூரையும் அவருடையது. ஆனால் அதன் நிழல் தெருவில் போவோர் எல்லாருக்கும் உரியது. இந்தக் கருத்தை மனத்தில் வைத்துக்கொள்வோம். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

இனி வெயிலிலிருந்து மின்சாரம் பிறந்த கதை. 1839-இல் பிரான்சு நாட்டைச் சேர்ந்த எட்மண்ட் பெக்கெரல் என்னும் 19 வயது இளைஞர், ஒளி பட்டால் சில பொருள்களில் மின்சாரம் தோன்றுவதைக் கண்டறிந்தார். 1883-இல் அமெரிக்கரான சார்ல்ஸ் ஃபிரிட்ஸ், செலினியம் என்னும் பொருளின்மேல் மெல்லிய பொற்பூச்சு கொடுத்து ஒரு மின்கலம் செய்தார். நூறு பங்கு ஒளியில் ஏறத்தாழ ஒரு பங்கையே அது மின்சாரமாக மாற்றியது. பயன்படத்தக்க மின்கலம் 1954-இல்தான் வந்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் சாப்பின், ஃபுல்லர், பியர்சன் என்ற மூவர் சிலிக்கனைக் கொண்டு அதனைச் செய்தார்கள். நூற்றில் ஆறு பங்கு ஒளி அதில் மின்சாரமாயிற்று. இன்று விற்பனைக்கு வரும் தகடுகள் பல, நூற்றில் இருபது பங்குக்கு மேல் மாற்றுகின்றன.

சிலிக்கன் என்பது மணலில் உள்ள ஒரு தனிமம். அதனைத் தூய்மையாக்கி, மெல்லிய வில்லைகளாக அறுத்து, வேறு சில பொருள்களைச் சிறிதளவு சேர்த்து மின்கலம் செய்கிறார்கள். ஒளி பட்டதும் அதனுள் இருக்கும் மின்னணுக்கள் ஒரு பக்கமாக நகர்கின்றன. அந்த ஓட்டமே மின்சாரம். சுழலும் சக்கரமோ புகையோ இரைச்சலோ இல்லை. வில்லைகள் பலவற்றைக் கண்ணாடிக்கு அடியில் வரிசையாகப் பதித்தால் அது சூரியத் தகடு ஆகிறது.

தொடக்கத்தில் இதன் விலை மிக அதிகம். ஆகவே, எரிபொருள் கொண்டுபோக முடியாத விண்வெளிக்குத்தான் இது முதலில் பெரிதும் பயன்பட்டது. 1958-இல் ஏவப்பட்ட வான்கார்டு-1 என்னும் செயற்கைக்கோள் சூரிய மின்கலங்களைச் சுமந்து சென்றது. 1973-இல் எண்ணெய் விலை திடீரென ஏறியபோது உலகம் வெயிலை மீண்டும் நினைத்துக்கொண்டது. ஜெர்மனி 1990-இல் 'ஆயிரம் கூரைத் திட்டம்' தொடங்கியது. ஜப்பான் 1994 முதல் வீட்டுக் கூரைகளில் தகடு பொருத்த உதவிப்பணம் கொடுத்தது. ஏன் கூரை? நகரத்தில் வெறும் நிலம் கிடைப்பது அரிது. கூரையோ ஏற்கெனவே இருக்கிறது. அதன்மேல் வெயிலும் தடையின்றி விழுகிறது.

நம் மலேசியாவில் 1998-இல் தெனாகா நேஷனல் பல்கலைக்கழகத்துக் கூரையில் பொருத்திய தகடுகளைப் பொது மின்கம்பியோடு இணைத்தார்கள். 2005 முதல் 2010 வரை, கட்டடத்தின் உறுப்பாகவே சூரியத் தகடுகளை அமைக்கும் தேசியத் திட்டம் ஒன்று நடந்தது. ஓட்டுக்குப் பதிலாகவும், கூரைக் கண்ணாடிக்குப் பதிலாகவும் தகடே நிற்கும் முறை அது. 2007-இல் பாங்கியில் எழுந்த மலேசிய எரிசக்தி மையத்தின் கட்டடம் இதற்கு எடுத்துக்காட்டு.

அண்டை நாடாகிய சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 2008-இல் செராங்கூன் நார்த், வெலிங்டன் சர்க்கிள் ஆகிய இரு வட்டாரங்களின் அடுக்குமாடிகளில் சோதனை செய்தது. 2009-இல் பிராடல் சாலையில் பழைய கட்டடம் ஒன்றைப் புதுப்பித்தபோது, மேற்கூரையோடு நில்லாமல் கார் நிறுத்துமிடத்தின் கூரையிலும் இணைப்பு நடைபாதையின் கூரையிலும் தகடுகளை அமைத்தார்கள். பழைய அஞ்சடியின் பேரப்பிள்ளை மின்சாரமும் தரத் தொடங்கிற்று எனலாம்.

தலைக்கு மேலே வைக்கும் தகட்டைக் காலுக்குக் கீழே வைத்தால் என்ன என்று கேட்டவர்களும் உண்டு. பிரான்சில் நார்மண்டி வட்டாரத்தில் 2016-இல் ஒரு கிலோமீட்டர் நீளச் சாலையில் தகடுகளைப் பதித்தார்கள். வண்டிச் சக்கரங்களால் தகடுகள் சேதமுற்றன; மரத்து இலைகள் விழுந்து மூடின; எதிர்பார்த்த மின்சாரம் வரவில்லை. நிழலும் தூசியும் சூரியத் தகட்டின் பகை. நடைபாதைக் கூரையிலும் இந்த இடர் உண்டு. அது தாழ்ந்தது, குறுகியது. பக்கத்து மரமும் மாடியும் அதன்மேல் நிழல் வீழ்த்தும். ஆகையால்தான் உயர்ந்த மாடிக் கூரைகள் முந்திக்கொண்டன.

நேயர்களே, இப்போது அஞ்சடியின் கருத்துக்கு வருவோம். நிழல் பொதுவாயிற்று, மின்சாரம் பொதுவாயிற்றா?

மலேசியாவில் 2011-இல் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டம் வந்தது. அவ்வாண்டு டிசம்பரில் தொடங்கிய ஏற்பாட்டின்படி, 4 கிலோவாட்டுக்கு மேற்படாத சிறு கூரையில் விளைந்த மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 1 வெள்ளி 23 சென் அடிப்படை விலையாக, 21 ஆண்டுகளுக்கு உறுதி செய்யப்பட்டது. அப்போது சாதாரண வீடுகள் முதல் 200 யூனிட்டுகளுக்குக் கொடுத்த கட்டணமோ யூனிட்டுக்கு 21.8 சென்தான். இந்தப் பெரிய விலைக்குப் பணம் எங்கிருந்து வந்தது? மின்கட்டணத்தோடு சேர்த்து வாங்கிய 1 விழுக்காட்டு நிதியிலிருந்து வந்தது; 2014-இல் அது 1.6 விழுக்காடு ஆயிற்று. மாதம் 300 யூனிட்டுக்கு மேற்படாத வீடுகளுக்கு அதிலிருந்து விலக்களித்தது நியாயமான செயல். ஆயினும் சொந்தக் கூரையும் முதல் போடப் பணமும் உள்ளவர்களே அந்த வருவாயைப் பெற முடிந்தது. லயத்து வீட்டில் இருப்பவருக்குக் கூரை தோட்டத்துடையது. தோட்டம் துண்டாடப்பட்டு நகரத்து அடுக்குமாடிக்கு வந்தவருக்கு, கூரை எல்லாருக்கும் பொது என்பதாலேயே யாருக்கும் உரியதாகாமல் நின்றது.

சிங்கப்பூர் இதற்கு ஒரு வழி கண்டது. 2014-இல் தொடங்கிய 'சோலார்நோவா' திட்டத்தில், அடுக்குமாடிக் கூரைகளை மொத்தமாகச் சேர்த்து ஏலக்குத்தகைக்கு விடுகிறார்கள். தகடு பொருத்தும் செலவு நிறுவனத்துடையது. விளையும் மின்சாரம் பகலில் மின்தூக்கிக்கும், நீர் ஏற்றும் இயந்திரத்துக்கும், பொது விளக்குகளுக்கும் முதலில் போகிறது. மிஞ்சியது பொதுக் கம்பியில் சேர்கிறது. ஒரு வீட்டாரும் தனியாக முதல் போடவில்லை. ஆனால் பன்னிரண்டாம் மாடிக்குக் குழந்தையோடும் அரிசி மூட்டையோடும் ஏறும் தாய்க்கு அந்த மின்தூக்கி உதவுகிறது. இதுவே அஞ்சடியின் நெறி.

ஒன்றை மறவாமல் இருப்போம். தகடு பகலில்தான் வேலை செய்யும். பிள்ளைகள் இரவில் படிக்கும் விளக்குக்கு மின்சேமக்கலமோ பொது மின்கம்பியோ வேண்டும். மாலையில் சில மணி நேரமே ஆலை இயந்திரம் தந்த வெளிச்சத்தில் வாழ்ந்த லயங்களை நாம் அறிவோம். ஆகவே மின்சாரம் எப்படிப் பிறக்கிறது என்று அறிவதோடு, அது எந்த நேரத்தில், யார் வீட்டுக்கு வருகிறது என்றும் கேட்கவேண்டும்.

நாம் குடியிருக்கும் அடுக்குமாடியின் ஆண்டுக் கூட்டத்தில் கூரையில் தகடு பொருத்தும் பேச்சு எழுந்தால், அது படித்தவர் விவகாரம் என்று ஒதுங்கிவிடலாகாது. செலவு யாருடையது, வருவாய் யாருக்கு, பழுதானால் பொறுப்பு யாருக்கு, பராமரிப்புக் கட்டணம் குறையுமா என்ற நான்கு கேள்விகளைக் கேட்டுத் தெளிந்தபின் கையெழுத்திடுவோம். வெயில் எல்லாருக்கும் பொது. அதன் விளைச்சலிலும் நமக்குரிய பங்கைக் கேட்டுப் பெறுவோம்.