புள்ளியில்லாச் சுவடியும் இயங்காத நிரலும்

எங்கள் மங்கலத்தில் விசைத்தறி நின்றுவிட்டால், எடுத்த எடுப்பில் யாரும் மோட்டாரைக் கழற்றுவதில்லை. பாவில் இழை அறுந்திருக்கிறதா என்று முதலில் பார்ப்பார்கள், பிறகு நாடா, அதன் பின்னர்தான் மற்றவை. தறிக்காரர்கள் அறிந்த இந்த ஒழுங்கை அறியாமல், 2005-ஆம் ஆண்டில் நானும் நண்பர் ஒருவரும் ஒரு வலை வழங்கியோடு மூன்று வாரம் மல்லுக்கட்டினோம்.

நண்பரின் அம்மிச்சி பாடிய தாலாட்டுகளையும் ஒப்பாரிகளையும் இணையத்தில் ஏற்றிவைக்க வேண்டும் என்பதே எங்கள் ஆவல். ஆண்டுச் சந்தா கட்டி, கடல் கடந்த வழங்கி ஒன்றில் இடம் பிடித்தோம். வலைப்பதிவு மென்பொருளையும் ஏற்றினோம். முகவரியைத் தட்டினால் '500, வழங்கியின் உட்பிழை' என்ற ஒற்றை வரிதான் வந்தது. அந்த வரிக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருப்பதைப் பின்னாளில்தான் அறிந்தேன்.

தொடக்கத்தில் வலை வழங்கி, கேட்ட கோப்பை எடுத்துக் கொடுக்கும் நூலகப் பணியாளராக மட்டுமே இருந்தது. நிரலை இயக்கி, அதன் விடையைப் பக்கமாக அனுப்பும் சிஜிஐ என்னும் பொதுமுறையை 1993-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த என்சிஎஸ்ஏ வகுத்தது. அதன் வழங்கி மென்பொருளைத் திருத்தித் திருத்தி 1995-இல் உருவானது அப்பாச்சி. சிஜிஐ நிரல்களைப் பெரும்பாலோர் பெர்ல் மொழியில் எழுதினர். 1987-இல் அதை வெளியிட்ட லாரி வால் மொழியியல் பயின்றவர். எழுத்து வடிவம் இல்லாத மொழியொன்றுக்கு எழுத்து அமைக்க எண்ணியிருந்தவர்.

பென், மேனா டிராட் இணையர் 2001-இல் வெளியிட்ட வலைப்பதிவு மென்பொருளும் பெர்லில் அமைந்ததே. அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'மூவபிள் டைப்', அதாவது கோத்துக் கலைக்கும் அச்செழுத்து. 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறியது அத்தகைய எழுத்துகளால்தான். அப்பெயரில் மயங்கியே நாங்கள் அதைத் தேர்ந்தோம்.

பெர்ல் நிரல் இயங்க மூன்று வாயில்களைக் கடக்க வேண்டும். முதலாவது அனுமதி. யுனிக்ஸ் முறையில் படிக்க 4, எழுத 2, இயக்க 1 என்று எண்கள் உண்டு. 755 என்றால் உரியவருக்கு எல்லா உரிமையும், பிறருக்குப் படிக்கவும் இயக்கவும் மட்டும். நாங்களோ ஆத்திரத்தில் 777 என்று எல்லாருக்கும் எல்லாம் திறந்துவிட்டோம். பலர் பகிரும் வழங்கிகளில் அவ்வாறு திறந்துகிடக்கும் நிரலைப் பாதுகாப்புக் கருதியே இயக்க மறுப்பார்கள். இரண்டாவது, நிரலின் முதல் வரியில் பெர்ல் இருக்குமிடத்தைப் பிழையின்றிக் குறித்தல். அதையும் சரிபார்த்தோம், பயனில்லை.

மூன்றாவதுதான் கண்ணுக்குத் தெரியாதது. தொலைத்தட்டச்சுப் பொறியில் புதுவரி தொடங்க இரண்டு செயல்கள் தேவைப்பட்டன: அச்சுமுனையை இடப்புறம் திருப்புவது, தாளை ஒரு வரி ஏற்றுவது. இவ்விரண்டுக்குமான குறிகளை விண்டோஸ் இன்றும் வரியிறுதியில் இடுகிறது. யுனிக்ஸ் இரண்டாவதை மட்டுமே இடும். எங்கள் கோப்பு விண்டோஸ் கணினியிலிருந்து அப்படியே ஏறியிருந்தது. ஆகவே வழங்கி, 'பெர்ல்' என்ற பெயரின் கடைசியில் ஓர் ஒளிந்த எழுத்தையும் சேர்த்துப் படித்து, அப்படியொருவர் இங்கில்லை என்று கைவிரித்தது. கோப்பை உரைமுறையில் மீண்டும் ஏற்றியதும் பக்கம் உயிர்த்தது.

2004-இல் மூவபிள் டைப்பின் உரிம விதிகள் இறுகவே, பலர் 2003 மே 27 அன்று வெளியான வேர்ட்பிரஸுக்கு மாறினர். நாங்களும் அடுத்த ஆண்டு மாறினோம். அது ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1995-இல் வெளியிட்ட பிஎச்பி மொழியில் இயங்குவது. இங்கே தமிழருக்கென்றே ஒரு கண்ணி காத்திருந்தது. அமைப்புக் கோப்பில் தளத்தின் பெயரைத் தமிழில் எழுதி, நோட்பேடில் ஒருங்குறியாகச் சேமித்தோம். அந்நாளைய நோட்பேட், கோப்பின் தலையில் மூன்று பைட் அடையாளம் ஒன்றைத் தானாகவே இட்டுவிடும். பக்கத்தின் தலைப்புத் தகவல் போவதற்கு முன்பே அந்த மூன்று பைட்டும் வெளியேறிவிடும். 'தலைப்பு முன்னரே அனுப்பப்பட்டுவிட்டது' என்று பிஎச்பி முரண்டு பிடிக்கும். ஆங்கிலத்தில் மட்டும் எழுதியவர்களுக்கு இந்தத் தொல்லை அரிது. 2019-இல்தான் நோட்பேட் அந்தப் பழக்கத்தை இயல்பிருப்பிலிருந்து விலக்கியது.

இவற்றையெல்லாம் கடந்த பின்னும் நாங்கள் தோற்றோம். 2007 மே மாதம் வந்த வேர்ட்பிரஸ் 2.2, தரவுத்தளத்தோடு எந்தக் குறியேற்றத்தில் பேசுவது என்று குறிக்க வழிசெய்தது. அதுவரை தரவுத்தளம் எங்கள் தமிழை ஐரோப்பிய எழுத்துகள் என்றெண்ணியே வைத்திருந்தது. அமைப்பைத் திருத்திய பிறகு ஏற்றிய பன்னிரண்டு பாடல்கள் மட்டும் முறையாகத் தமிழென்றே பதிந்தன. அடுத்த ஆண்டு வேறு வழங்கிக்கு மாறியபோது, பழைய ஐரோப்பியக் குறியேற்றத்திலேயே தரவை இறக்கினோம். பழைய பாடல்கள் பிழைத்தன. முறையாகப் பதிந்த பன்னிரண்டும், அத்தொகுதியில் தமிழுக்கு இடமில்லாமையால், எழுத்துக்கொரு கேள்விக்குறியாயின. பொருளற்ற ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரியும் தமிழைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம். கேள்விக்குறியான தமிழை மீட்க முடியாது. நாங்கள் திறந்து பார்ப்பதற்குள் பழைய கணக்கு அழிந்திருந்தது. அம்மிச்சியும் அதற்கு முன்பே காலமாகியிருந்தார். அந்தப் பன்னிரண்டும் நோட்டில் எழுதாமல், அவர் பாடப் பாட நேரே கணினியில் தட்டியவை.

வகுப்பில் சுவடிப் பதிப்பு நடத்தும்போதெல்லாம் இது என் நினைவுக்கு வருகிறது. ஓலையில் புள்ளி இடமாட்டார்கள். மெய்யா உயிர்மெய்யா என்று படிப்பவரே துணிய வேண்டும். 1887-இல் சீவக சிந்தாமணியை வெளியிட்ட உ.வே.சாமிநாதையர், பல சுவடிகளைத் தேடித் திரட்டி, ஒன்றோடொன்று ஒப்பிட்டே பாடம் கண்டார். அங்கே இல்லாத புள்ளி இடறியது. இங்கே இருந்தும் தெரியாத குறி இடறியது. இரண்டிலும் நூலின் மேல் குற்றமில்லை. படியெடுத்த வழியில்தான் குற்றம்.

ஆகவே வழங்கி மறுக்கும்போது மென்பொருளை வையாதீர்கள். முதலில் வழங்கியின் பிழைப்பதிவேட்டைப் படியுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இடம் மாறும்போது புதிய படியைத் திறந்து, தமிழ் தமிழாக இருக்கிறதா என்று கண்ணால் கண்ட பிறகே பழையதைக் கைவிடுங்கள். நாங்கள் செய்யத் தவறியது இந்தக் கடைசி ஒன்றைத்தான்.