மாசிக்கருவாடு வந்த வழி

தென்காசியில் இருந்துகொண்டு கடல் மீனைப் பற்றி என்ன பேச்சு என்று நினைப்பீர்கள். கடையில் விறகுத் துண்டு மாதிரி இறுகிக் கிடக்கிறதே மாசிக்கருவாடு, அதைப் பற்றித்தான் இன்றைக்குச் சொல்ல வந்தேன்.

மாசி என்பது சூரை மீன். வெட்டி, அவித்து, புகையூட்டி, வெயிலில் உலர்த்துவது. ஐஸ் தேவையில்லை, மாதக்கணக்கில் கெடாது. 1343-ல் மாலத்தீவுக்குப் போன இபன் பதூதா என்ற யாத்திரிகர், அங்கிருந்து இந்தக் கருவாடு இந்தியா, சீனா, ஏமன் வரை போனதாக எழுதி வைத்திருக்கிறார். பிற்காலத்தில் நம்ம தூத்துக்குடித் தோணிகளும் மாலத்தீவுக்குச் சரக்கேற்றிப் போய்வந்தன.

மாலத்தீவிலும், அதற்கு வடக்கே நம்ம லட்சத்தீவைச் சேர்ந்த மினிக்காயிலும் மீன் பிடிக்கிற முறையைத்தான் கவனிக்க வேண்டும். உயிருள்ள பொடிமீனைக் கடலில் வீசி, தண்ணீரையும் வாரி இறைப்பார்கள். இரை துள்ளுகிறது என்று சூரைக் கூட்டம் மேலே வரும். ஆட்கள் வரிசையாக நின்று தூண்டில் கழியால் ஒவ்வொன்றாகச் சுண்டித் தூக்குவார்கள். தூண்டிலில் எதிர்முள் கிடையாது. மீன் தானே கழன்று படகில் விழும். ஆமை, ஓங்கில் மாட்டுவது அபூர்வம். பெரிய கப்பல்களின் சுருக்குமடியோ, மிதவைக்கடியில் ஒதுங்கிய குஞ்சுகளையும் சேர்த்து வாரிவிடும். விதைநெல்லை உலையில் போடுகிற கதைதான்.

இவர்கள் அதிகம் பிடிப்பது வரிச்சூரை. ஒன்றரை, இரண்டு வருஷத்திலேயே முட்டையிடத் தயாராகிவிடும். உலகச் சந்தைக்கு வரும் சூரையில் பாதிக்கு மேல் இதுதான். டப்பாவில் அடைத்து எத்தனையோ நாடுகளில் சாப்பிடுகிறார்கள்.

1972 வாக்கில் ஒரு சோதனை வந்தது. அந்நியச் செலாவணி நெருக்கடியில் இலங்கை, மாசி வாங்குவதைக் குறைத்துவிட்டது. மாலத்தீவுக்கு அதுதானே பெரிய சந்தை! ஜப்பான் கம்பெனிகள் பச்சை மீனாகவே வாங்க முன்வந்ததால் மீனவர்கள் பிழைத்தார்கள். 1974 முதல் படகுகளில் எஞ்சின் ஏறியது. ஆனாலும் கழியை விடவில்லை. கடல்வளம் கெடாமல் பிடித்த மீன் என்று 2012-ல் சர்வதேசச் சான்றிதழும் கிடைத்தது.

குறையே இல்லாத முறை என்று சொல்லமாட்டேன். இரைக்கான பொடிமீன் பவளப்பாறையை அண்டி வாழ்வது. 1998, 2010, 2016-ல் கடல் சூடேறி லட்சத்தீவுப் பவளப்பாறைகள் வெளுத்தன. பாறை செத்தால் பொடிமீன் ஏது? அது இல்லாமல் கழியை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

நமக்குக் குற்றாலத்தில் சாரலைக் கொண்டுவருகிற அதே தென்மேற்குக் காற்று, மினிக்காயில் படகுகளைக் கரையேற்றிவிடுகிறது. காற்று அடங்கிய பிறகுதான் மறுபடி கடலில் இறக்குவார்கள்.