காளிப்பூர்

காளிப்பூர், அந்தமான் நிக்கோபார் தீவுகளின் வட அந்தமானில், டிக்லிப்பூருக்குத் தென்கிழக்கே உள்ள கடலோரச் சிற்றூர். ஊருக்குப் பின்னால் எழும் சாடில் பீக் (732 மீட்டர்) அந்தமானின் மிக உயர்ந்த சிகரம். மலையடியும் கடலும் இவ்வளவு நெருங்கும் இடங்கள் இந்தியாவில் அரிது. ஹவாயின் ஹனலேய் போன்ற ஊர்களை நினைவூட்டும் இடம்தான். ஆனால் ஹவாய் மலைகள் எரிமலைக் குழம்பால் எழுந்தவை. அந்தமான் மலைகளோ மியான்மரின் அரக்கான் யோமா மலைத்தொடர் கடலுக்குள் நீண்டு, மீண்டும் தலைகாட்டும் பகுதி.

டிக்லிப்பூர் வட்டாரத்தில் பெரும்பாலும் வங்காளக் குடும்பங்களே வாழ்கின்றன. நாட்டுப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்து, 1950களில் காடு திருத்திக் குடியேறியவர்களின் வழியினர். நெல், பாக்கு, தென்னை, ஆரஞ்சு பயிராகின்றன. சாடில் பீக்கில் பிறக்கும் கல்போங் ஆற்றில்தான் தீவுகளின் முதல் நீர்மின் நிலையம் (5.25 மெகாவாட்) அமைந்தது.

காளிப்பூரின் பெருமை ஆமைகள். அழுங்காமை, பேராமை, பங்குனி ஆமை, ஏழுவரி ஆமை என நான்கு கடலாமை இனங்களும் ஒரே கடற்கரையில் முட்டையிடுகின்றன. இது மிகவும் அரிய பேறு. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இரவுகளில் அவை கரையேறும். வனத்துறை முட்டைகளைக் காப்பிடத்தில் புதைத்துப் பாதுகாத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறது. வெள்ளை விளக்கு ஆமையை மிரட்டிக் கடலுக்கே திருப்பிவிடும். பார்க்கப் போகிறவர்கள் கைப்பேசி வெளிச்சத்தையும் அணைத்துவிட வேண்டும். இதில் சலுகைக்கே இடமில்லை.

மணல் சாம்பல் நிறம். வெண்மணலை எதிர்பார்த்து வருகிறவர்கள் ஏமாறலாம். கடற்கரை கிழக்கு நோக்கியது. இந்திய நேரப்படி மே மாதத்தில் ஐந்து மணிக்கு முன்பே பொழுது விடிந்துவிடும். இப்பகுதிக் கடலோரங்களிலும் கழிமுகங்களிலும் உவர்நீர் முதலைகள் உண்டு; உள்ளூரார் இறங்காத இடத்தில் நீந்தக் கூடாது.

லாமியா விரிகுடாவிலிருந்து சாடில் பீக் சிகரத்துக்குக் காட்டு வழியாகச் சுமார் 8 கிலோமீட்டர் நடை. தேசியப் பூங்கா என்பதால் வனத்துறையின் அனுமதி தேவை. மழைக்காலத்தில் பாதை வழுக்கும். ஏரியல் பே துறையிலிருந்து படகில் ராஸ், ஸ்மித் தீவுகளுக்குப் போகலாம். நீர் வற்றும்போது மணல்திட்டு இரண்டையும் இணைக்கும். போர்ட் பிளேர் அருகே உள்ள ராஸ் தீவு வேறு. அதற்கு 2018இல் நேதாஜி பெயர் சூட்டப்பட்டது.

போர்ட் பிளேரிலிருந்து (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) டிக்லிப்பூருக்குச் சாலை வழி ஒரு முழு நாள் பயணம். வழியில் ஜாரவா பழங்குடி மக்களின் காப்புப் பகுதியை வண்டிகள் காவலுடன் அணிவகுத்தே கடக்க வேண்டும்; அங்கே வண்டியை நிறுத்துவதற்கும் படமெடுப்பதற்கும் தடை உண்டு.