எழுந்து நின்ற நீதிபதி

1697-ம் வருடம், ஜனவரி 14. அமெரிக்காவின் பாஸ்டன் நகரம். அப்போது அது இங்கிலாந்தின் காலனி. ஊர் முழுக்க அன்று உபவாசம். நாலரை வருடத்துக்கு முன்னால் நடந்த ஒரு கொடுமைக்காகக் கடவுளிடம் மன்னிப்புக் கேட்கும் நாள் என்று அரசாங்கமே அறிவித்திருந்தது.

தெற்கு சர்ச்சில் கூட்டம் நிரம்பி வழிகிறது. பாதிரியார் சாமுவேல் வில்லார்ட் பிரசங்க மேடைக்குப் போய்க்கொண்டிருக்கிறார். வழியில் ஒருவர் அவர் கையில் ஒரு காகிதத்தைத் திணிக்கிறார். வயது 44. பெரிய பணக்காரர். கவர்னரின் ஆலோசனை சபை உறுப்பினர். நீதிபதி! பெயர் சாமுவேல் சூவல்.

பாதிரியார் காகிதத்தைப் பிரித்துப் படிக்க ஆரம்பிக்கிறார். சூவல் தன் இருக்கையிலிருந்து எழுந்து நிற்கிறார். மொத்த சபையும் திரும்பிப் பார்க்கிறது. படித்து முடிக்கும்வரை அப்படியே நிற்கிறார். முடிந்ததும் தலையைத் தாழ்த்தி வணங்கிவிட்டு உட்கார்கிறார். அவ்வளவுதான்.

இதில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? உலக சரித்திரத்தில் தப்பான தீர்ப்புச் சொன்ன நீதிபதிகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால், பதவியில் இருக்கும்போதே, ஊர் நடுவில் எழுந்து நின்று, 'தப்பு பண்ணினது நான்' என்று ஒத்துக்கொண்ட நீதிபதிகளை எண்ண ஒரு கை விரல்களே அதிகம்!

அப்படி என்ன தப்பு? அதற்கு நாம் சேலத்துக்குப் போகவேண்டும். நம்ம மாம்பழ சேலம் இல்லை. பாஸ்டனுக்கு வடக்கே, கடலோரத்தில் இருக்கும் சேலம். பைபிளில் வருகிற பெயர். 'அமைதி' என்று அர்த்தம். பெயரைப் பாருங்கள்!

அங்கே குடியேறியிருந்தவர்கள் 'ப்யூரிட்டன்' கிறிஸ்தவர்கள். இங்கிலாந்துத் திருச்சபை போதுமான அளவு சுத்தமாக இல்லை என்று கோபித்துக்கொண்டு, கடல் கடந்து வந்து, கடவுளுக்கென்றே ஒரு ஊரை உண்டாக்குவோம் என்று காட்டை வெட்டி வீடு கட்டியவர்களின் வம்சம். நல்லது நடந்தால் கடவுளின் கருணை. கெட்டது நடந்தால் கடவுளின் தண்டனை. நடுவில் தற்செயல் என்று எதுவும் அவர்கள் அகராதியில் கிடையாது.

அந்தச் சமயம் பார்த்து எல்லாமே கெட்டதாக நடந்துகொண்டிருந்தது. காலனிக்குத் தன்னாட்சி கொடுத்த சாசனம் 1684-ல் ரத்தானது. வடக்கு எல்லையில் செவ்விந்தியர்களோடும் ஃபிரெஞ்சுக்காரர்களோடும் ஓயாத சண்டை. இன்னொரு பக்கம் பெரியம்மை. 'கடவுள் நம்மேல் கோபமாக இருக்கிறார். ஏன்?' ஊரெல்லாம் இதே கேள்வி.

கேள்வி சரியானதுதான். பதிலை எங்கே தேடினார்கள் என்பதில்தான் விபரீதம். கண்ணாடியில் தேடவில்லை. பக்கத்து வீட்டில் தேடினார்கள்!

1692 ஜனவரி. சேலம் கிராமத்துப் பாதிரியார் சாமுவேல் பாரிஸின் வீடு. அவருடைய ஒன்பது வயது மகள் பெட்டி, உறவுக்காரப் பெண் அபிகெய்ல், வயது 11. இரண்டு பேரும் திடீரென்று கத்துகிறார்கள். கை காலை முறுக்கிக்கொள்கிறார்கள். யாரோ கிள்ளுவதாக, குத்துவதாக அலறுகிறார்கள். வைத்தியர் பார்த்தார். வியாதி பிடிபடவில்லை. 'ஏதோ தீய சக்தியின் வேலை' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பிறகு கேட்கவேண்டுமா? 'யார் உங்களை வதைப்பது, சொல்லுங்கள்' என்று பெரியவர்கள் பிள்ளைகளைத் துளைத்தெடுத்தார்கள். மூன்று பெயர்கள் வந்தன. பாரிஸ் வீட்டில் அடிமையாக இருந்த டிடூபா. கையேந்திப் பிழைத்த சாரா குட். சர்ச்சுக்குச் சரியாக வராத சாரா ஆஸ்பர்ன். மூன்று பேருமே பரிந்துபேச ஆள் இல்லாதவர்கள் என்பதைக் கவனியுங்கள். சூனிய வேட்டை எந்த ஊரில் நடந்தாலும் முதல் பலி இப்படிப்பட்டவர்கள்தான்.

தீ பரவியது. 150 பேருக்கும் மேல் கைதானார்கள். சாரா குட்டின் மகள் டாரதியைக்கூட விடவில்லை. அந்தக் குழந்தைக்கு வயது நாலோ ஐந்தோ! அவளையும் சங்கிலியில் பிணைத்து மாதக்கணக்கில் சிறையில் வைத்தார்கள். பின்னாளில் வெளியே வந்தபோது அவள் புத்தி பேதலித்திருந்தது என்று அவளுடைய அப்பா அரசாங்கத்துக்கு மனு எழுதினார். இன்னொரு கொடுமை, சிறைச் சாப்பாட்டுக்கும் சங்கிலிக்கும் கைதிகளேதான் காசு கட்டவேண்டும்!

மே மாதம் கவர்னர் வில்லியம் ஃபிப்ஸ் இதற்கென்றே ஒரு விசேஷ நீதிமன்றம் அமைத்தார். ஒன்பது நீதிபதிகள். தலைமை வில்லியம் ஸ்டௌட்டன். அந்த ஒன்பது பேரில் ஒருவர்தான் நம்முடைய சூவல். ஹார்வர்டில் படித்தவர். பாதிரியார் ஆகப் படித்து, பணக்கார வீட்டில் பெண் எடுத்து, வியாபாரத்துக்கு வந்தவர். பிள்ளைகள்மேல் உயிரை வைத்திருந்த அப்பா. தினமும் டைரி எழுதுகிற ஆசாமி. ராட்சசன் இல்லை சார்! சனிக்கிழமை ராத்திரி உங்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரியான மனிதர். அதுதான் பயங்கரம்.

நீதிமன்றத்தில் என்ன சாட்சி? 'இந்தம்மாவின் ஆவி ராத்திரி வந்து என் நெஞ்சில் உட்கார்ந்தது' என்று ஒரு பெண் சொல்வாள். ஆவி மற்றவர் கண்ணுக்குத் தெரியாது. 'நான் அன்றைக்கு வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேனே' என்று குற்றவாளிக் கூண்டில் இருப்பவர் கதறினாலும் பிரயோஜனம் இல்லை. உடம்பு வீட்டில் இருக்கும். ஆவி ஊர் சுற்றும்! இதை எப்படி ஐயா பொய் என்று நிரூபிப்பது?

அதைவிடக் குரூரமான ஒரு கணக்கும் இருந்தது. 'ஆமாம், நான் சூனியக்காரிதான்' என்று ஒப்புக்கொண்டு, அந்தப் பேச்சை மாற்றாமல் இருந்தவர்களில் ஒருவர்கூடத் தூக்கில் தொங்கவில்லை. டிடூபா அப்படித்தான் பிழைத்தாள். 'இல்லை, நான் கடவுளுக்குப் பயந்தவள். பொய் சொல்லமாட்டேன்' என்றவர்களுக்குத்தான் கயிறு. அதாவது, பொய் சொன்னால் உயிர். உண்மை சொன்னால் மரணம். நீங்களாக இருந்தால் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்? அவசரப்படாமல் யோசியுங்கள்.

ரெபெக்கா நர்ஸ், வயது 71. காது மந்தம். ஊரே மதித்த பாட்டி. ஜூரிகள் முதலில் 'நிரபராதி' என்றுதான் சொன்னார்கள். நீதிமன்றத்தில் அந்தப் பெண்கள் போட்ட கூச்சலில், தலைமை நீதிபதி 'மறுபடி யோசித்துவிட்டு வாருங்கள்' என்று அனுப்பினார். யோசித்துவிட்டு வந்தார்கள். 'குற்றவாளி'! ஜூலை 19 அன்று தூக்கு.

அவருடைய தங்கை மேரி ஈஸ்ட்டி. சிறையிலிருந்து நீதிபதிகளுக்கு ஒரு மனு எழுதினார். உயிர்ப்பிச்சை கேட்டு அல்ல. 'நான் சாகத்தான் வேண்டும், தெரியும். இனிமேலாவது நிரபராதிகளின் ரத்தம் சிந்தாமல் பாருங்கள்' என்கிற கருத்தில். மனு எடுபடவில்லை. செப்டெம்பர் 22-ல் அவரும் போனார்.

ஜார்ஜ் பரோஸ் ஒரு பாதிரியார். ஹார்வர்டில் சூவலுக்கு ஒரு வருடம் மூத்தவர். சூவல் வீட்டில் விருந்து சாப்பிட்டவர். ஆகஸ்ட் 19-ம் தேதி தூக்குமரத்தில் நின்றபடி, இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்தை ஒரு பிசகு இல்லாமல் சொன்னார். சூனியக்காரர்களால் அதைத் தப்பில்லாமல் சொல்லவே முடியாது என்பது அந்தக் கால நம்பிக்கை. கூட்டம் கலங்கிவிட்டது. அப்போது குதிரைமேல் இருந்த காட்டன் மாதர் என்ற பிரபல பாதிரியார் பேசி, கூட்டத்தை அடக்கினார். சாத்தான் தேவதூதன் வேஷமும் போடுவானாம்! தூக்கு நிறைவேறியது. (இதே காட்டன் மாதர்தான் பின்னாளில் நம்ம தரங்கம்பாடியில் இருந்த சீகன்பால்குக்குக் கடிதம் எழுதினார். சரித்திரம் எப்படியெல்லாம் முடிச்சுப் போடுகிறது!) சூவல் அன்று டைரியில், இது நியாயமான தண்டனை என்று மாதர் சொன்னதைக் குறித்துவைத்தார். தன் வீட்டில் சாப்பிட்ட மனிதருக்காக ஒரு சொட்டுக் கண்ணீரும் அதில் இல்லை.

ஜைல்ஸ் கோரி, ஏறக்குறைய 80 வயது விவசாயி. 'இந்த நீதிமன்றத்தில் விசாரணைக்கே உடன்படமாட்டேன்' என்று வாயை மூடிக்கொண்டார். அவரைப் படுக்கவைத்து, மேலே பலகை போட்டு, ஒவ்வொரு கல்லாக ஏற்றினார்கள். நசுங்கியே செத்தார்.

கணக்குப் போட்டால் தூக்கில் 19 பேர். பதினாலு பெண்கள், ஐந்து ஆண்கள். கல்லுக்கு அடியில் ஒருவர். சிறையிலேயே செத்தவர்கள் குறைந்தது ஐந்து பேர். புகார்கள் பெரிய மனிதர்கள் வீட்டுக் கதவையும் தட்ட ஆரம்பித்த பிறகுதான் கவர்னருக்கு விழிப்பு வந்தது. அக்டோபரில் நீதிமன்றத்தைக் கலைத்தார்.

எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். நீதிபதிகளும்தான். ஒன்றுமே நடக்காத மாதிரி.

சூவலால் மட்டும் முடியவில்லை. வீட்டில் அடிமேல் அடி. 1696 மே மாதம் ஒரு பிள்ளை செத்தே பிறந்தது. டிசம்பர் 23-ம் தேதி இரண்டு வயது மகள் சாரா இறந்துபோனாள். மறுநாள், துக்க வீட்டில் குடும்பமாக உட்கார்ந்து பைபிள் படிக்கிறார்கள். மூத்த மகன் சாம் படித்தது மத்தேயு 12-ம் அதிகாரம். பலியைவிட இரக்கத்தையே கடவுள் விரும்புகிறார், அதைப் புரிந்துகொண்டிருந்தால் குற்றமில்லாதவர்களைக் குற்றவாளி என்று தீர்த்திருக்கமாட்டீர்கள் என்று இயேசு கண்டிக்கிற இடம்.

அப்பாவுக்கு எப்படி இருந்திருக்கும்! சேலம் கொடுமையை அந்த வசனம் பயங்கரமாக நினைவுக்குக் கொண்டுவந்தது என்று டைரியில் எழுதினார் சூவல். அதற்குச் சரியாக மூன்று வாரம் கழித்துத்தான் அந்தக் காகிதம்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். அப்பன் செய்த பாவத்துக்கு இரண்டு வயதுக் குழந்தையைக் கடவுள் கொல்வார் என்பதை என்னால் ஏற்கமுடியவில்லை. உங்களாலும் முடியாது என்றே நினைக்கிறேன். சூவல் அந்தக் காலத்து ஆள். அப்படித்தான் நம்பினார். ஆனால், ஒரு வித்தியாசத்தைப் பாருங்கள். 1692-லும் 'கடவுள் கோபமாக இருக்கிறார்' என்றுதான் நினைத்தார்கள். உடனே அடுத்தவர் வீட்டில் சாத்தானைத் தேடினார்கள். 1697-லும் சூவல் அதையேதான் நினைத்தார். ஆனால் இந்தத் தடவை தனக்குள்ளே தேடினார்!

காகிதத்தில் என்ன இருந்தது? தன்மேலும் தன் குடும்பத்தின்மேலும் விழுந்த அடிகள், சேலம் நீதிமன்றத்தால் தன்மேல் ஏறிய குற்றம், அதன் பழியையும் வெட்கத்தையும் தானே ஏற்கும் விருப்பம், மனிதர்களிடம் மன்னிப்பு, தன் பாவத்துக்காக இந்த நாட்டைத் தண்டிக்க வேண்டாம் என்று கடவுளிடம் வேண்டுதல். இவ்வளவுதான்.

இல்லாதது என்ன தெரியுமா? சாத்தான்! ஜூரிகள் பன்னிரண்டு பேரும் மன்னிப்புக் கேட்டார்கள், இருட்டுச் சக்திகளை எங்களால் புரிந்துகொள்ள முடியவில்லை என்றார்கள். பன்னிரண்டு வயதில் சகட்டுமேனிக்குப் பெயர் சொன்ன ஆன் புட்னம், 1706-ல் சர்ச்சில் மன்னிப்புக் கேட்டாள், சாத்தான் என்னை ஏமாற்றிவிட்டான் என்றாள். தலைமை நீதிபதி ஸ்டௌட்டன்? 1701-ல் சாகிறவரை வாயே திறக்கவில்லை. சூவல் மட்டும்தான் சாத்தானைத் துணைக்குக் கூப்பிடவில்லை.

மன்னிப்புக் கேட்டதோடு கதை முடிந்துவிட்டதா? இல்லை. 1700-ல் அவர் ஒரு சின்னப் பிரசுரம் போட்டார். பெயர், 'யோசேப்பை விற்றது'. அண்ணன்மார் தம்பியைக் காசுக்கு விற்ற பைபிள் கதை தெரியுமல்லவா? ஆப்பிரிக்கர்களைப் பிடித்து விற்பதும் அதே பாவம்தான் என்றார். அமெரிக்க மண்ணில் அடிமை முறைக்கு எதிராக அச்சான ஆரம்பகாலக் குரல்களில் ஒன்று அது. அதற்காக அவர் மகாத்மா ஆகிவிட்டார் என்று சொல்லவரவில்லை. கறுப்பர்கள் நம்மோடு கலந்து வாழமுடியாது என்கிற தொனியும் அதே பிரசுரத்தில் இருக்கிறது. ஒரே நாளில் முழுசாகத் திருந்திவிட மனிதன் என்ன, பல்பு சுவிட்சா? ஆனால் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது முக்கியம்.

1711-ல் அரசாங்கம் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 578 பவுண்டு நஷ்டஈடு கொடுத்தது. எலிசபெத் ஜான்சன் என்ற பெண்ணின் பெயர் மட்டும் எப்படியோ விட்டுப்போனது. ஒரு பள்ளிக்கூடத்தின் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் முயற்சி எடுத்து, 2022-ல்தான் அவரும் நிரபராதி என்று அறிவிக்கப்பட்டார். தண்டித்து 329 வருடம் கழித்து!

சூவல் 1730 ஜனவரி 1-ம் தேதி இறந்தார். அதுவரை ஒவ்வொரு வருடமும் ஒரு நாள் சேலத்துக்காக உபவாசம் இருந்தார் என்று சொல்வார்கள். பாஸ்டன் அரசுக் கட்டடத்தில் ஒரு பெரிய சுவரோவியம் இருக்கிறது. சர்ச்சுக்குள் தலைகுனிந்து நிற்கும் சூவல். ஜெயித்தவர்களுக்குச் சிலை வைப்பது எல்லா ஊரிலும் உண்டு. தப்பை ஒத்துக்கொண்டவருக்குப் படம் வைத்த ஊர் எத்தனை?

கடவுளைப் பின்பற்றுவது என்றால் என்ன? சேலத்தில் நீதிபதிகளும் கடவுளைப் பின்பற்றுவதாகத்தான் நினைத்தார்கள். கையில் பைபிள், நாவில் ஜெபம். பொய் சொல்லி உயிர்பிழைக்க மறுத்த பாட்டியும் கடவுளைத்தான் பின்பற்றினாள். இரண்டு பேருக்கும் ஒரே கடவுள், ஒரே வேதம். வித்தியாசம் ஒன்றுதான். அவர்கள் கடவுளின் பெயரால் அடுத்தவரை நியாயம் விசாரித்தார்கள். அவள் தன்னைக் கடவுளின் நியாயத்துக்கு முன்னால் நிறுத்திக்கொண்டாள்.

ரெபெக்கா நர்ஸ் தூக்குமரத்தில் செய்ததை, சூவல் நாலரை வருடம் தாமதமாக, ஒரு சர்ச் இருக்கையிலிருந்து எழுந்து நின்று செய்தார். தாமதம்தான். போன உயிர் ஒன்றுகூடத் திரும்பவில்லை. ஆனாலும், எழுந்து நின்றாரே!

அடுத்த தடவை ஊரே கூடி ஒருவரைக் காட்டி 'எல்லாவற்றுக்கும் இவன்தான் காரணம்' என்று கத்தும்போது, கூட்டத்தில் நீங்களும் நானும் இருப்போம். அப்போது சேலம் ஞாபகத்துக்கு வரட்டும். மாம்பழ சேலம் அல்ல!